பெரட்டு என்று எழுதிய சுவர்

என் வாயாடி அம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம்கூட முடியவில்லை. அதற்குள் நம் ஃப்ளாட் கட்டடத்துச் சுவரில் உன் பேச்சு ஏறிவிட்டது. குருபோங் பக்கம் வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நீ மட்டும் இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு உன்னைக் கையில் பிடிக்க முடியாது.

கீழ்த்தளத்துக் கூடம் நினைவிருக்கிறதா? உடைந்த சோபாவும் ஓடாத மோட்டார் சைக்கிளும் கிடந்த இடம். அதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, உன் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சாயங்காலமானால் மாடியைப் பார்த்துக் கத்துவாய். "எல்லாரும் பெரட்டுக்கு வாங்க!" நியாலாஸ் எஸ்டேட்டில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. "அங்க பெரட்டுன்னா பயம். இங்க பெரட்டுன்னா டீ, அவ்வளவுதான் லா" என்பாய்.

மூன்றாம் மாடி மலாய்க்கார அக்கா, கக் ஜைனப், காதில் அது 'பெருட்' என்று விழுந்தது. மலாயில் வயிறு. வயிற்றுக்குத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்து ஒரு தட்டு குவே பலகாரத்தோடு இறங்கி வந்துவிட்டார். அவரைப் பார்த்து எதிர்வீட்டுச் சீனர் அங்கிள் லிம் சோயாப் பால் கொண்டுவந்தார். நீ திருத்தினாயா? "வயிறும் சரிதானே" என்று வடையை நீட்டினாய். அதுவரை லிஃப்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்ற சனம் அம்மா அது.

நீ போன பிறகு நாற்காலி காலியாகக் கிடந்தது. பக்கத்தில் மறுபடி குப்பை சேர ஆரம்பித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. சுவரில் படம் வரைவோம் என்றேன். ஞாயிறுதோறும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். கக் ஜைனப் செம்பருத்தி வரைந்தார். அங்கிள் லிம் தன் கூண்டுக் குருவியைக் கூண்டில்லாமல் வரைந்தார். நம் பெண்கள் கோலம் போட்டார்கள். நடுவில் உன் சிவப்பு நாற்காலி. சின்னப் பிள்ளைகள் அதில் உட்காரப் போய்ப் பொத்தென்று விழுகிறார்கள்.

பேர் எழுதும்போதுதான் தகராறு. குடியிருப்போர் சங்கச் செயலாளர், நம் ஆள்தான், குறுக்கே வந்தார். "பெரட்டெல்லாம் தோட்டத்துப் பேச்சும்மா. நல்ல தமிழ்கூட இல்ல. பாக்கறவன் சிரிப்பான். 'ஒற்றுமைத் திடல்'னு அழகா எழுதுவோம்."

உன் நாற்காலியை வரைந்துவிட்டு உன் சொல்லைத் தள்ளிவைப்பதா? நான் வாயைத் திறப்பதற்குள் கக் ஜைனப் முந்திக்கொண்டார். "மானா போலே லா! அது எப்படி முடியும்?" என்று மலாயில் பொரிந்து தள்ளினார். அவர் பேரப்பிள்ளைகள்கூட இந்த இடத்தைப் பெரட்டு என்றுதான் சொல்கிறார்களாம். வேறு பேர் எழுதினால் தனக்கு இறங்கி வர வழி தெரியாதாம். அங்கிள் லிம் தூரிகையை என்னிடம் நீட்டி, "அமோய், நீ எழுது பொண்ணு" என்றார்.

எழுதினேன் அம்மா. தமிழில் பெரிதாக, கீழே மலாயில். பக்கத்தில் அங்கிள் லிம் சீனத்தில் எழுதினார். 'வயிறு' என்று எழுதவில்லை என்று சத்தியம் செய்கிறார். யார் கண்டது?

திறப்பு நாளில் மழை. ஆனாலும் கூடம் நிறைந்துவிட்டது. பெரட்டு என்றால் பேர் கூப்பிட வேண்டாமா என்று கக் ஜைனப் மைக்கைப் பிடித்துக்கொண்டார். மாடி மாடியாகக் கூப்பிட்டு முடித்து, கடைசியில், "லெட்சுமி?" என்றார்.

உன் பேர். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அடா!" என்றது அங்கிள் லிம்மின் குரல். மலாயில் 'இருக்கிறார்'. அடுத்து அந்தச் செயலாளர். பிறகு பிள்ளைகள், மாடி விளிம்பில் நின்றவர்கள், எல்லாரும். "அடா! அடா!"

அழுதேன். பெருமையில்தான். எஸ்டேட்டில் உன் பேருக்கு நீ ஒருத்திதான் குரல் கொடுத்தாய். இங்கே ஒரு ஃப்ளாட்டே குரல் கொடுத்தது.

நாற்காலி வெளுத்தால் நானே சிவப்படிப்பேன். சாயங்காலம் மாடியைப் பார்த்துக் கத்துகிற வேலையும் இனி என்னுடையது. முதலில் உன் பேரைத்தான் கூப்பிடுவேன்.

உன் தொண்டையைக் கொண்டு பிறந்த மகள்,
மகேஸ்வரி