யார் ஜெயித்தாலும் மூன்று வடை

8 மார்ச் 1996, வெள்ளி

கம்பெனி நலச்சங்கத்துப் பொருளாளர் பதவிக்கு நிற்கப்போகிறேன் என்று இன்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கணக்குப் பிரிவு முழுக்க ஒரே சிரிப்பு. இத்தனை வருடம் பொருளாளராக இருந்து இப்போது விலகுகிற பூவராகன் அண்ணன்தான் கிரிக்கெட்டுக்கு வடைப் பந்தயமும் நடத்துகிறவர். "வட பந்தயமே உனுக்குப் புரியாது, சங்கத்துப் பணத்த நீ இன்னாத்த பாக்கப்போற?" என்றார். என் பேரை முன்மொழிய ஒருத்தராவது வேண்டும். ஒரு கைகூட எழவில்லை. எனக்கு வந்ததே கோபம்!

9 மார்ச், சனி

உலகக் கோப்பைக் கால் இறுதியில் பாகிஸ்தானை ஜெயித்துவிட்டோம். மேற்குத் தாம்பரமே வெடிச் சத்தம்.

10 மார்ச், ஞாயிறு

நேற்றைய ஆட்டத்துக்கு அண்ணன் வைத்த ரேட்டைப் போட்டுப் பார்த்தேன். இந்தியா மேல் மூன்று வடை வைத்து ஜெயித்தால் அந்த மூன்றோடு இன்னும் இரண்டு. பாகிஸ்தான் மேல் ஒன்றுக்கு ஒன்று. சரி, நான் இந்தியா மேல் ஆறு, பாகிஸ்தான் மேல் ஐந்து வைக்கிறேன். ஆக பதினொன்று. இந்தியா ஜெயித்தால் கைக்கு வருவது பத்து. பாகிஸ்தான் ஜெயித்தாலும் பத்துதான். மிச்ச வடை எங்கே? அண்ணன் தொப்பையில்!

அட, இவ்வளவுதானா சூட்சுமம்! என் வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். "அபிதா, நீ பயங்கரமான ஆளு" என்றார். ஆமாம், பின்னே?

11 மார்ச், திங்கள்

எல்லோர் எதிரிலும் சொன்னேன். அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. "அவ்ளோ தெரிஞ்சா செமி ஃபைனலுக்கு நீயே பந்தயம் நடத்து. கையக் கடிக்காம வெளிய வா, நானே உன் பேர முன்மொழியறேன்." நடத்துகிறேன், பார்க்கட்டும்.

13 மார்ச், புதன்

வசமாக மாட்டிக்கொண்டேன். அண்ணனின் அதே மூன்றுக்கு இரண்டு ரேட்டில் அறுபது வடை, அத்தனையும் இந்தியா மேல். இலங்கை மேல் ஒன்றுகூட இல்லை. ஒன்று வைத்தால் நாலு தருகிறேன் என்றுகூடக் கத்திப் பார்த்தேன். ஸ்டோர்ஸ் குப்புராஜ், "நாட்டுக்கு எதிரா வெக்கச் சொல்றியேக்கா, நல்லாக் கீதா உனுக்கு?" என்கிறான். பாதியிலேயே இந்தியா ரேட்டைக் குறைத்திருக்க வேண்டும் — வீம்பு. இப்போது இந்தியா ஜெயித்தால் நாற்பது வடை நான் தர வேண்டும். பதவியும் போச்சு. அதற்காக இந்தியா தோற்கட்டும் என்று நினைக்க முடியுமா? சீ.

14 மார்ச், வியாழன்

தோற்றுவிட்டோம். ராத்திரி அழுதேன்.

காலையில் ஆபீஸில் அறுபது வடையும் எனக்கே, நான் கில்லாடியாம்! அண்ணன்கூட, "சொன்ன சொல்லு சொல்லுதான், முன்மொழியறேன்" என்றார். வேண்டாம் என்றேன். "இது கணக்கு இல்லண்ணா, குருட்டு அதிர்ஷ்டம். ஃபைனலுக்கு ஒழுங்கா நடத்தறேன். அதப் பாத்துட்டு முன்மொழிங்க." வீட்டுக்கு வந்து சொன்னால் இவர் தலையில் அடித்துக்கொள்கிறார். அடித்துக்கொள்ளட்டும். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருக்கிறது.

16 மார்ச், சனி

புரிந்துவிட்டது. ரேட்டு என்பது யார் ஜெயிப்பார்கள் என்கிற ஜோசியம் மட்டும் இல்லை. சனங்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதும் அதில் இருக்கிறது. இலங்கை மேல் இருக்கிற ஆத்திரத்தில் எல்லோரும் ஆஸ்திரேலியா, ஆஸ்திரேலியா என்று வந்தார்கள். வர வர அந்த ரேட்டைக் குறைத்தேன், இலங்கைக்கு ஏற்றினேன். மத்தியானத்துக்குள் குப்புராஜே இலங்கைக்கு மாறிவிட்டான். கடைசியில் கூட்டிப் பார்த்தால் யார் ஜெயித்தாலும் எனக்கு மூன்று வடை. எந்தப் பக்கமும் கையைக் கடிக்காது. என்ன அழகான கணக்கு!

17 மார்ச், ஞாயிறு

இவர் காட்டாங்குளத்தூரில் தங்கை வீட்டுக்கு மேட்ச் பார்க்கப் போய்விட்டார். நான் துணி ஊறவைத்துவிட்டு எட்டு மணிக்கே படுக்கப்போகிறேன்.

18 மார்ச், திங்கள்

ரயிலில் லேடீஸ் பெட்டி முழுக்கப் பிள்ளைகளின் பரீட்சைப் பேச்சுதான். ஆபீஸில் நுழைந்ததுமே பூவராகன் அண்ணன், "இன்னாம்மா, இலங்கைக்காரன் கப்ப தூக்கினு பூட்டான் பாத்தியா?" என்றார்.

"ஓ, அவங்களா ஜெயிச்சாங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ மேட்ச்சே பாக்கலியா?"

"எதுக்குண்ணா பாக்கணும்?"

அண்ணன் திரும்பி, "குப்புராஜ், அந்த நாமினேஷன் பாரத்த எடுத்தா. பேனாவும் குடு" என்றார்.