மேனேஜருக்கு ஆபரேஷன்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே மேனேஜர் என்மேல் கோபமாக இருக்கிறாள். கிட்டே போனால் உறுமுகிறாள். முயல் உறுமும் என்று வெளியே சொன்னால் எனக்குக் கழன்றுவிட்டது என்பார்கள்.

நான் லிஃப்ட் ஓட்டிய ஆபீசில் ஒரு மேனேஜர் இருந்தார். லிஃப்ட் வர கொஞ்சம் பிந்தினால் காலால் தரையைத் தட்டுவார். மகள் இந்த முயலைக் கொண்டுவந்த அன்றைக்கே அது என்னைப் பார்த்துப் பின்னங்காலால் டொப்பென்று தட்டியது. பேர் வைத்தாகிவிட்டது. பெண் முயல் என்று அப்புறம்தான் தெரிந்தது. மேனேஜர் வேலைக்கு ஆணென்ன பெண்ணென்ன.

கோபத்துக்குக் காரணம் மத்தியானம் புரிந்தது. நெஞ்சு முடியைத் தானே பிடுங்கி, புல்லோடு சேர்த்து, கூண்டு மூலையில் மெத்தை போட்டிருக்கிறாள். குட்டி போடப் போகிறாளாம். இந்த வீட்டில் ஆண் என்று இருப்பது நான் ஒருத்தன்தான்.

"என்மேல சந்தேகப்படாதம்மா" என்றேன் மகளிடம். சிரிக்கவில்லை. கூண்டு முன்னால் உட்கார்ந்து அந்த மெத்தையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 5, வியாழன்

நகம் வெட்ட மிருக டாக்டரிடம் போனோம். சின்னப் பெண். மெத்தை போட்ட கதையைச் சொன்னேன். வயிற்றில் குட்டி இல்லாமலே உடம்பு அப்படி நினைத்துக்கொள்ளுமாம். அதோடு விட்டிருக்கலாம். பெட்டை முயலுக்கு வயசு ஏற ஏறக் கர்ப்பப்பையில் கட்டி வருவது சகஜம், முன்னாலேயே எடுத்துவிட்டால் எட்டு பத்து வருஷம்கூட இருக்கும் என்றாள். இவளுக்கு நாலு நடக்கிறது.

டாக்டர் முடிக்கவில்லை, மகள் "வேண்டாம்" என்று கூடையை மூடிவிட்டாள்.

டாக்சியில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் புரியாமல் இல்லை. அவளுக்கும் எடுத்துவிட்டார்கள். முப்பத்தாறு வயசில். அடுத்த வருஷமே மாப்பிள்ளை பெட்டியைக் கட்டினான். அதற்கடுத்த வருஷம்தான் இந்த முயல் வந்தது.

ஆனால் என் பக்கமும் ஒன்று இருக்கிறதே. அவள் காலையில் மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறாள். அதுவரை இந்த வீட்டில் என் பேச்சைக் காது நிமிர்த்திக் கேட்கிற ஜீவன் ஒன்றுதான். அதுவும் போனால் நான் சுவரோடா பேசுவேன்?

மார்ச் 8, ஞாயிறு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சாப்பிடும்போது மறுபடி பேச்செடுத்தேன். ஆபரேஷன் செய்தால் ரொம்ப நாள் இருக்குமே என்றேன். "எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க" என்றாள். "இருந்துட்டுத்தான் இருக்கேன். இதுக்குப் பேரு வாழறதாப்பா?"

அந்த இடத்தில் எந்தத் தகப்பனும் பேசாமல் இருப்பான். எனக்குத்தான் வீட்டில் முகம் தொங்கினால் பொறுக்காதே. சிரிக்க வைக்கிறேன் பேர்வழி என்று, "மேனேஜரும் நீயும் சேர்ந்து பை இல்லாதவங்க சங்கம் ஆரம்பிச்சிடுங்க, நான் செயலாளரா இருக்கேன்" என்றேன்.

தட்டில் பாதிச் சாப்பாடு இருந்தது. எழுந்து கையைக் கழுவிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான்.

மார்ச் 9, திங்கள்

தட்டை வைத்தாள், போய்விட்டாள்.

மார்ச் 12, வியாழன்

கீழ்வீட்டுத் தையல்காரரிடம் போய் உட்கார்ந்தேன். உலகத்திலேயே என் ஜோக்குக்குச் சிரிக்கிற ஒரே மனுஷன். இதற்கு அவரும் சிரிக்கவில்லை. "அண்ணே, பெத்த பொண்ணுகிட்டப் பேசற பேச்சா இது?" என்றார், வாயில் குண்டூசியோடு.

ராத்திரி மகளிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னேன். அவள் கூண்டைக் காட்டினாள். "அது பாட்டுக்கு மெத்தை போட்டுட்டு இருக்குப்பா. பொய்யோ நிஜமோ, அது நினைச்சுட்டு இருக்குல்ல. அதையும் எதுக்கு அறுக்கணும்?"



மார்ச் 14, சனி

கூண்டுக்கு அடியில் விரித்த காகிதத்தில் சிவப்பாக ஒரு திட்டு.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பீட்ரூட் தோல் போட்டேன், மூத்திரம் அப்படித்தான் போகும் என்றாள். கடைக்குப் போய்விட்டாள். டாக்டருக்குப் போன் போட்டேன். தீனி நிறமாகவும் இருக்கலாம், ரத்தமாகவும் இருக்கலாம், கொண்டுவந்தால்தான் தெரியும் என்றாள்.

பீட்ரூட்டா? அது கூண்டு ஓரத்தில் கடிக்காமல் அப்படியே காய்ந்து கிடக்கிறது. மகள் பார்த்தாளா, பார்க்க மாட்டேன் என்கிறாளா?

மார்ச் 17, செவ்வாய்

செய்துவிட்டேன்.

மகளுக்கு இன்று வேறொரு கிளையில் சரக்குக் கணக்கெடுப்பு. விடியும் முன்னே கிளம்பிவிட்டாள். நானும் தையல்காரரும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனோம். நேற்றே டாக்டரிடம் பேசி வைத்திருந்தேன். எனக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் செய்தபோது பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தார்களே, முயலையும் பட்டினி போடவா என்று கேட்டேன். போடவே கூடாதாம். முயல் வயிறு ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். புல்லும் கையுமாகத்தான் போனேன்.

"வீட்ல உங்க பொண்ணுக்குச் சம்மதம்தானே தாத்தா?" என்று டாக்டர் கேட்டாள்.

"அவதான் அனுப்பினா" என்றேன். வாய் கூசவில்லை. தையல்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் ஒரு தட்டில் கொண்டுவந்து காட்டினாள். பட்டாணி மாதிரி ரெண்டு மூணு முடிச்சு. நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள், வெளியே பரவினதாகத் தெரியவில்லை என்றாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இதைச் சொன்னால் மகள் என்ன சொல்லிவிட முடியும்?

சாயங்காலம் வீட்டில் மேனேஜர் மூலையைப் பார்த்து உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். புல்லைத் தொடவில்லை. தானாகச் சாப்பிடாவிட்டால் கூழைச் சிரிஞ்சில் எடுத்து வாய் ஓரமாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். என் கை ஆடுகிற ஆட்டத்தில் கூழ் அதன் கண்ணில் பட்டது, என் சட்டையில் பட்டது, வாயில் மட்டும் படவில்லை. "தின்னுடி, என் மானத்தைக் காப்பாத்துடி" என்று கெஞ்சிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

மகள் மேனேஜரின் சிரைத்த வயிற்றைப் பார்த்தாள். தையலைப் பார்த்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, என் கையிலிருந்து சிரிஞ்சை வாங்கினாள். துண்டில் சுற்றி மடியில் வைத்து, துளித்துளியாகக் கொடுத்தாள். மேனேஜர் மென்றாள்.

பட்டாணி முடிச்சைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினாள். கூண்டைத் தன் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 19, வியாழன்

இன்று சொன்னாள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"நீங்க பண்ணினது நல்லதுதான். இல்லைன்னு சொல்லல. அது பிழைச்சுடுச்சு."

"அப்புறம் என்னம்மா?"

"எனக்குக் கட்டியை மட்டும் எடுக்கறோம்னு சொல்லித்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. பையையும் எடுத்துட்டாங்கன்னு முழிச்சப்புறம்தான் தெரியும். வெளியில அவர் சரின்னு சொல்லிட்டாராம். என் நல்லதுக்காம்."

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவளே சம்மதித்துச் செய்துகொண்டாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"அவர் மாதிரி இன்னொருத்தர் இந்த வீட்ல இருப்பார்னு நான் நினைக்கலப்பா" என்றாள்.

அவனும் நானும் ஒண்ணா? அவன் விட்டுட்டு ஓடினவன். நான் ஒரு வாயில்லா ஜீவன் செத்துடக் கூடாதேன்னு அலைஞ்சவன். ஒண்ணா? சொல்லியிருக்கணும். நேர்ல வாயே வரல. இங்க எழுதி என்ன ஆகப்போகுது.

மார்ச் 29, ஞாயிறு

மேனேஜர் தேறிவிட்டாள். மூடிய கதவுக்குப் பின்னால் புல் மெல்லுகிற சத்தம் கேட்கிறது. மகள் அவளோடு பேசுகிற சத்தமும். கடையில் எவனோ மூக்குக் கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு சண்டைக்கு வந்தானாம். நல்ல கதை. என்னிடம் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டிருப்பேன்.

கதவைத் தட்டலாம் என்று கையைத் தூக்கினேன். உள்ளே பேச்சு நின்றுவிட்டது. தட்டவில்லை.

ஏப்ரல் 11, சனி

கடைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை கிடைத்திருக்கிறதாம். பஸ் அலைச்சல் மிச்சம் என்றாள். அதுவும் ஒரு காரணம்தான், நான் மறுக்கவில்லை. எனக்குச் சமைத்துப்போட ஓர் அம்மாவை ஏற்பாடு செய்திருக்கிறாள். மாத்திரைகளைக் காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று டப்பாவில் பிரித்து வைத்தாள். குறை வைக்கிற மகள் இல்லை, செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாள்.

கூண்டைத் தையல்காரரும் நானும் வேனில் ஏற்றினோம். மேனேஜர் என் விரலை மோந்து பார்த்தாள். போகிற இடத்திலாவது ஒழுங்காக வேலை பார், இல்லையென்றால் மாற்றல் போட்டுவிடுவார்கள் என்று அவளிடம் சொன்னேன். தையல்காரர் மட்டும் லேசாகச் சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமை வந்து பாருங்கப்பா" என்றாள் மகள். வேன் கிளம்பும்போது, "போன் பண்ணிட்டு வாங்க" என்றாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, மேனேஜருக்குக் கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கி வந்து வைத்துவிட்டுப் போன் செய்தேன்.

எடுத்தாள். நல்லா இருக்கீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டாள். போட்டேன் என்றேன். வரட்டுமா என்றேன்.

"அது இப்பதான் தூங்குதுப்பா. அடுத்த வாரம் பாக்கலாம்."

முயல் பகலில் தூங்கும். அது உண்மைதான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.