மண் பள்ளிவாசலுக்குச் சீமெந்துச் சட்டை

ஏப்ரல் 28, திங்கள்

மழை. குடையை ட்ரெயினில் விட்டாயிற்று. பருப்பு, பால் வாங்க வேண்டும்.

வேலையில் கானா விஷயம். வடகானாவில் ஒரு சிற்றூர், சுடாத மண்கல்லில் கட்டி மண் பூசிய பழைய பள்ளிவாசல். சுவரெங்கும் மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். வருடா வருடம் ஊரே அவற்றில் ஏறி நின்று புது மண் பூசும். அவ்வூர்க்காரரின் லண்டன் சங்கம் போன வருடம் அதற்குச் சீமெந்து பூசிவிட்டது. கட்டைகளையும் அறுத்துவிட்டார்கள். போட்டோவில் பார்க்க அசிங்கமாம்! இப்போது சீமெந்தில் வெடிப்பு. எங்கள் கட்டட நிறுவனத்திடம் அறிக்கை கேட்கிறார்கள்.

சங்கத் தலைவர் யூசுப் வந்தார். விலை கூடிய கோட். "இனி எங்கள் சனம் வருடா வருடம் சேற்றில் நிற்கத் தேவையில்லை" என்று ஆங்கிலத்தில் பெருமை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 30, புதன்

வெயில். தலையிடி.

ஊரிலிருந்து இமாம் வீடியோ அனுப்பினார். தொழும்போது எல்லோரும் பார்த்து நிற்கும் கிழக்குச் சுவர், அடியில் உள்பக்கமாக வயிறு தள்ளி நிற்கிறது. வெடிப்பால் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லை. உள்ளே மண் கஞ்சியாகியிருக்கும். அங்கே மழையும் தொடங்கிவிட்டது.

சுதன் அண்ணையிடம் போனேன். முதலாளி, யாழ்ப்பாணத்தார். சீமெந்தை உரிக்க வேண்டும், அதுவரை உள்ளே தொழக்கூடாது என்றேன்.

"வெடிப்பை அடைச்சு இன்னொரு பூச்சுப் பூசச் சொல்லி எழுதும் பிள்ளை. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"அண்ணை, சுவர் விழும்."

"விழாது. சீமெந்தோட முப்பது வருசம் நிக்கிறன். எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம்."

முப்பது வருடமும் லண்டன் டூட்டிங்கில் வீடுகளுக்குப் பின்னால் குசினி நீட்டிக் கட்டின அனுபவம். மண் கட்டடம் படித்த என்னை எதற்கு எடுத்தார்? விளம்பரத்தில் போடத்தான்.

மே 2, வெள்ளி

அறிக்கை போய்விட்டது. சுதன் அண்ணை எழுதியது, கீழே என் பெயர்! கேட்கவுமில்லை. கழிவறையில் நின்று அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம்.

பிறகு என் போனிலிருந்தே இமாமுக்கு அனுப்பினேன்: அது என் அறிக்கை அல்ல, தயவுசெய்து உள்ளே தொழாதீர்கள். பதில் உடனே வந்தது. இனி முற்றத்தில் தொழுவார்களாம்.

இமாமிடம் கேள்விப்பட்டு மாலையில் யூசுப் போனில் கத்தினார். "நீங்கள் கிறிஸ்தவர். எங்கள் பள்ளிவாசலைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

மன்னார்க் கிறிஸ்தவள்தான், ஆனால் விழுகிற சுவர் யார் தலை என்று பார்க்காது என்றேன். வைத்துவிட்டார்.

மே 6, செவ்வாய்

குளிர். சுதன் அண்ணை முகம் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டார், எனக்கு மட்டும் இல்லை. சின்னப்புத்தி.

"என்ர தலைக்கு மேலால போறீரோ? ஆக்களுக்கு முன்னால மூக்கை அறுத்துப்போட்டீர்."

அறுத்தது போதாது என்று நினைத்தேன்.

மே 10, சனி

உடுப்புத் தோய்க்கக் குவிந்து கிடக்கிறது.

காலையில் இமாம் அழைத்தார். வியாழன் முழுக்க மழையாம். நேற்று ஜும்மாத் தொழுகை நேரம் கிழக்குச் சுவர் அப்படியே உள்ளே சரிந்துவிட்டது. எல்லோரும் முற்றத்தில். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அவர் அழுதார், நானும் அழுதேன். ஆட்கள் தப்பினார்கள், சுவரைக் காப்பாற்ற முடியவில்லை. இன்னும் நெஞ்சு ஆறவில்லை.

பிறகு சுதன் அண்ணை போன். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன், நான் ஒரு விசரி.

"நல்ல காலம், ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. யூசுப் கதைச்சவர். முழுக்க இடிச்சுக் கொங்கிரீட்டில கட்டப் போகினமாம். டிசைன் எங்களுக்குத்தான். திங்கள் நீர் வேலையைத் தொடங்கும்."

"ஏலாது அண்ணை. மிச்ச மூண்டு சுவரும் நிக்குது. சீமெந்தை உரிச்சால் காயும். விழுந்த மண்ணைத் தண்ணி விட்டுக் குழைச்சால் நாலாவதும் எழும்பும்."

"ஆர் குழைக்கிறது? அங்க ஆர் இருக்கினம்?"

"சுவர் விழேக்க முற்றத்தில நிண்ட சனம்."

போனை வைத்துவிட்டேன்.