பனிக்குளிரில் தனத்தின் ஐந்து கோழிகள்

என் தனம் கண்ணே,

நீ எங்களை விட்டுப் போய் ஏழு மாதமாகிறது. நேற்று வீராம்பட்டினம் தேருக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் யாரோ "அக்கா" என்று கூப்பிட, சட்டென்று திரும்பிவிட்டேன். யாரோ யாரையோ கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் மகள் செல்விக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. உழவர்கரை மாப்பிள்ளை. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்களே, அவர்களேதான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும், "உனக்கென்னா தெரியும் அப்ப, விடு" என்கிறார்கள். விட முடியவில்லையே தனம்.

கல்யாணமாகி நீ பிரான்சுக்குப் போய்ப் பத்தொன்பது வருஷம். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு உன் போன் தப்பாமல் வரும். கடைசி மூன்று வருஷமாகப் பேச்செல்லாம் கோழிதான். வீட்டுக்குப் பின்னால் பலகையில் கூண்டு அடித்து ஐந்து கோழி வளர்த்தாய்.

"இங்க தண்ணி காலையில கல்லா இறுகிப் போவுதுக்கா. ரப்பர் சட்டியில வச்சா, கவுத்துத் தட்டுனதும் ஐஸ் அப்படியே விழுந்துடும். வெதுவெதுன்னு புதுத் தண்ணி ஊத்துவேன். மத்தியானம் மறுபடியும் ஒரு தரம்."

வைக்கோலை எவ்வளவு கனமாகப் பரப்புவாய், கொண்டை குளிரில் கறுத்துப் போகாமல் இருக்க எப்படி வாஸ்லின் தடவுவாய், எல்லாம் சொல்வாய். மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிறவள் நான். ம், ம் என்று கொட்டிக்கொண்டே கறிவேப்பிலை உருவிக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கும் நாலு மணிக்கு மணியடித்தது. வாசலில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நிற்கிறது.

"அக்கா, இந்த வருஷம் குளிரு ரொம்ப..."

"அடியே, உன் கோழிக் கதைய அடுத்த வாரம் வச்சிக்கலாம். ஆளுங்க வந்துட்டாங்க."

"சரிக்கா. செல்விய மல்லிப்பூ வச்சிக்கச் சொல்லு."

நான்தான் முதலில் போனை வைத்தேன்.

அடுத்த ஞாயிறு உன் போன் வரவில்லை. கோபித்துக்கொண்டாய் என்று நினைத்தேன். கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும், தானாக வருவாள் என்று நானும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறு மணியடித்தது. ஓடிப்போய் எடுத்தால் உன் வீட்டுக்காரர்.

"அண்ணி... தனம் நம்மள விட்டுட்டுப் பூட்டா அண்ணி."

கோடையிலேயே வயிற்றில் கட்டி என்று தெரிந்திருக்கிறது. செல்விக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தோமே, அவள் கல்யாணம் முடிகிறவரை அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். கடைசியாக நீ பேசியது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துதானாம். அங்கே படுத்துக்கொண்டு எனக்கு எந்தக் கோழியைப் பற்றிச் சொல்ல வந்தாய்? அன்றைக்கு நான் போனை வைக்காமல் இருந்திருந்தால், வேறு எதையாவது சொல்லியிருப்பாயா?

அப்போது என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. உன் முகத்தைப் பார்க்காமலே உன்னை அனுப்பிவிட்டேன்.

காரியம் முடிந்த நாலாம் நாள் அவர் மறுபடியும் கூப்பிட்டார். "அண்ணி, கோழிங்க ரெண்டு நாளா வெளியவே வரல. ஒண்ணு செத்துக் கெடக்குது. மத்ததுங்க மூக்கால தண்ணியா ஒழுவுது. எனக்கு இதெல்லாம் தெரியாது. யாருக்காவது குடுத்துடட்டுமா?"

"குடுக்காதீங்க தம்பி" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. "கூண்ட எல்லாப் பக்கமும் அடச்சிட்டீங்களா?"

"ஆமா, குளுருதேன்னு பிளாஸ்டிக் போட்டு மூடிட்டேன்."

"மேல மட்டும் சந்து விடுங்க. கீழ காத்து அடிக்கக்கூடாது, ஆனா ஈரம் மேல வழியா வெளிய போவணும். குளுர அதுங்க தாங்கும், ஈரத்தத்தான் தாங்காது. நனைஞ்ச வைக்கோல வாரிக் கொட்டிட்டுக் காஞ்சது போடுங்க. சாயங்காலம் அடையறதுக்கு முன்னாடி மக்காச்சோளம் குடுங்க. வவுத்துல தீனி இருந்தா ஒடம்பு சூடா இருக்கும்."

அவர் பேனா தேடி எழுதிக்கொண்டார். நான் பேசுவதை நானே கேட்டுக்கொண்டு நின்றேன். பனியைக் கண்ணால் பார்த்தவளா நான்? காதில் வாங்கவே இல்லை என்று நினைத்த உன் பேச்செல்லாம், வார்த்தை பிசகாமல் எனக்குள் இருந்திருக்கிறது. அதற்காகச் சந்தோஷப்படுவதா, அழுவதா? நீயே சொல்.

அதன் பிறகு தினமும் பேசினோம். இன்று தண்ணீர் எத்தனை தரம் மாற்றினார், எது தீனி எடுத்தது, எது எடுக்கவில்லை என்பதுதான் பேச்சு. உன்னைப் பற்றிப் பேச இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. நாலு கோழியும் பிழைத்துக்கொண்டன.

பிப்ரவரியில் ஒரு நாள் அவர் குரலே மாறியிருந்தது. "அண்ணி, ராஜி முட்ட வச்சிட்டா!"

"யாரு?"

"அந்தச் செவப்புக் கோழி அண்ணி. எல்லாத்தையும் அதட்டிக்கினே இருக்கும். தனந்தான் உங்க பேர வச்சா. காலையில கதவத் தொறந்ததும் 'ராஜி, வாடி'ன்னு அதத்தான் மொதல்ல கூப்புடுவா. நீங்க கோச்சிக்குவீங்கன்னு சொல்லவே இல்ல."

சிரித்துவிட்டேன் தனம். நீ போன பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தேன். சிரித்த வாயை மூட முடியாமல், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். செல்வி ஓடிவந்து போனைப் பிடுங்கி, "என்னாச்சு சித்தப்பா?" என்று கத்தினாள்.

வருஷம் திரும்பிய பிறகு கல்யாணத்தை வைக்கலாம் என்றுதான் நான் சொன்னேன். உன் வீட்டுக்காரர் ஒப்பவில்லை. "அது நடக்கணும்னுதான அவ வாயத் தொறக்காம கெடந்தா" என்றார். அதனால் ஆவணியிலேயே வைத்திருக்கிறோம். அவரும் வருகிறார். பந்தியில் அவரை என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வேன்.

"ஒரு தடவ வந்துட்டுப் போக்கா" என்று எத்தனை முறை கேட்டிருப்பாய்! பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டில் வேலை என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தேன். போன வாரம் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. படத்தில் என் முகம் உன் முகம் மாதிரியே இருக்கிறது.

டிசம்பரில் உன் வீட்டுக்கு வருகிறேன். "குளிரு தாங்க மாட்டீங்க அண்ணி" என்கிறார். தாங்குவேன். காலையில் நானே எழுந்து, தண்ணீரை வெதுவெதுப்பாக எடுத்துக்கொண்டு, பனியில் நடந்து போய் உன் கூண்டைத் திறப்பேன். நீ இருக்கும்போதே வந்திருக்க வேண்டியவள், தனம். இப்போதாவது வருகிறேன்.

உன்னைப் பேச விடாமல் போனை வைத்த,
உன் கூடப் பிறந்த அக்கா,
ராஜேஸ்வரி
உப்பளம், புதுச்சேரி