'மெல்ல' வேண்டாமாம்

நாவற்குடா,
12.11.1963

அன்புத் தம்பி யோகராசாவுக்கு,

நீ கொழும்பில் சுகமாக இருக்க இறைவன் காக்க. இங்கே மாரி தொடங்கிவிட்டது. வாவி கலங்கிக் கிடக்கிறது. இதைத் தபாலில் போடாமல் கொழும்புக்கு வரும் மத்தேயுவின் கையில் கொடுத்துவிடுகிறேன். தந்தி அடித்தால் தபால் கந்தோர் முழுக்க வாசிக்கும்.

உன் தங்கச்சி கண்ணகைக்குக் காய்ச்சல் என்று அவள் புருசன் நல்லரத்தினம் எழுதியிருப்பார். போன கிழமை என்னிடம் வந்து, அவள் தேறமாட்டாள், செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கக் கல்வெட்டு இரங்கற்பாட்டு எழுதிவைக்கச் சொன்னார். கிடையில் விழுந்தவர்களுக்கு முன்கூட்டியே கேட்பது வழக்கம்தான். அழுதுகொண்டுதான் எழுதினேன்.

நோயில் போனவர்களுக்கு நான் 'மெல்ல' என்றுதான் வைப்பது. 'மெல்ல அவிந்த விளக்கே' என்றால் கேட்கிறவர்களும் ஆறுதலாய் அழுவார்கள். 'திடீரென' என்பது பாம்பு கடித்தவனுக்கும் இடி விழுந்தவனுக்கும் உரியது. அதை வரியின் தலையில் வைத்தால் பந்தலே பதறிவிடும். நான் அதை லேசில் தொடமாட்டேன்.

முந்தாநாள் நல்லரத்தினம் வந்து வாசித்துவிட்டு, 'மெல்ல' வேண்டாம், 'திடீரென' என்று மாத்துங்க என்றார். காய்ச்சல்காரிக்கு அது பொருந்தாதே என்றேன். பொருந்தும், வைங்க என்றார்.

அன்று பின்னேரமே கண்ணகையைப் போய்ப் பார்த்தேன். எழும்பி இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை கொக்கட்டிச்சோலைக் கோயிலில் நேர்த்திக்கடன் தீர்க்க அவர் தன்னைத் தோணியில் கூட்டிப்போகிறாராம், தாங்கள் இரண்டு பேர் மட்டுமாம். தன் வட்டை வயற்காணியை எழுதித் தரமாட்டேன் என்றதற்கு மாதக்கணக்காய் முகம் கொடுக்காத மனிசன் இப்போது எவ்வளவு பட்சம் என்று சந்தோசப்பட்டாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டாள், அவரிடமே கேட்டுவிடுவாள்.

பொலிசுக்குப் போய் என்ன சொல்வது? பாட்டில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார் என்றா? சிரித்து அனுப்பிவிடுவார்கள்.

அதனால் நேற்று அவரிடம், எனக்கும் அந்தக் கோயிலில் ஒரு நேர்த்தி இருக்கிறது, நானும் தோணியில் வாறன் என்றேன். அண்ணனுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்ப வாங்க என்றார்.

வியாழன் இரவு றெயிலிலாவது ஏறிவிடு, தம்பி. வழியில் ஒரு தடங்கலும் வராமல் அம்மன் உன்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
இளையதம்பி