நத்தார் விரிப்பில் உன் கடைசி வரிசை

துண்டுக் கடதாசியிலேயே கதைத்துப் பழகிய என் அன்பு மச்சி லில்லிக்கு,

இது கொஞ்சம் நீளமான துண்டு. போர்டு மேசையின் லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போனால் நீ வந்து எடுத்துப் படிப்பாய் என்ற நம்பிக்கை இனி இல்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் புதினம் சொல்கிறேன். கல்முனைத் தபால் கந்தோரில், டெலிபோன் போர்டுக்கு முன்னால் கிடக்கும் உன் கதிரைக்கு இன்னும் நிரந்தரமாக ஆள் வரவில்லை. மட்டக்களப்பிலிருந்து ஒருவரைத் தற்காலிகமாக அனுப்பியிருக்கிறார்கள். நல்ல மனிதர், ஆனால் வாய் திறக்கமாட்டார். வேலை முறை மாறும்போது "எல்லாம் சரி" என்பார், தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

விடிந்தால் பொழுதுபட்டால் ஊராருடைய குரலெல்லாம் என் காதுக்குள்ளால்தான் போகிறது. நெல் விலை கேட்கிறார்கள், பிள்ளை பிறந்ததைச் சொல்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். அதில் ஒன்றுகூட எனக்கு வந்த குரல் இல்லை. நீ இருந்தபோது இது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை, ஏன் மச்சி?

நாம் இருவரும் ஒன்றாக இருந்தது ஒரு நாளில் கால் மணி நேரம்தானே. காலை முறை உனக்கென்றால் பின்னேர முறை எனக்கு, அடுத்த கிழமை மாறும். மிச்சக் கதையெல்லாம் லாச்சிக்குள் வைக்கும் துண்டுகளிலும் அந்த விரிப்பிலும்தான் நடந்தது.

அந்த விரிப்பு எப்படித் தொடங்கியது என்று நினைவிருக்கிறதா? சூறாவளியில் பாண்டிருப்பில் உங்கள் வீட்டுக் கூரை போனது. முற்றத்துத் தென்னை சரிந்து விழுந்ததில் அம்மாவின் சாப்பாட்டு மேசை நடுவால் நீளத்துக்கு வெடித்தது. மேசையை விறகாக்க அம்மா சம்மதிக்கவில்லை. அது உன் அப்பா வாங்கிய மேசை. அடுத்த வருசம், உங்கள் யேசு பிறந்த நாளான நத்தாருக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நீ கொக்கி ஊசியோடு வேலைக்கு வந்தாய்.

"நீளமா ஒரு விரிப்பு பின்னுவம் மச்சி. வெடிப்பு மறைஞ்சிரும்."

"நத்தாருக்கா? நானா?"

"ஏன், நீ என்ன மார்க்கம் எண்டு நூல் கேக்குமா?"

மருதமுனையில் வாப்பாவின் தறியில் மிஞ்சிய வெள்ளை நூலை நான் கொண்டுவந்தேன். "நத்தாருக்கு நமக்கு என்ன வேல?" என்று உம்மா முகத்தைச் சுழித்தா. மறுநாள் காலையில் பார்த்தால் அவவே நூலைப் பந்தாகச் சுற்றி, சுத்தமான துணியில் கட்டி வைத்திருந்தா. "அழுக்குப் படாமப் பின்னுங்க" என்ற புத்திமதி வேறு. அதற்குப் பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு புது விரிப்பு. பழையது உங்கள் கோயிலில் மெழுகுதிரி வைக்கும் மேசைக்குப் போகும்.

போர்டில் அழைப்பு வந்தால், அழைக்கிறவரின் நம்பருக்கு மேலே உள்ள சின்னத் தகடு விழும். கயிற்றைச் செருகி "நம்பர்?" என்று கேட்டு இணைத்துவிட்டு ஊசியைக் கையில் எடுப்போம். உன் முறை முடிந்ததும் பின்னலின் கடைசிக் கண்ணில் ஒரு ஊக்கைக் குத்தி லாச்சியில் வைப்பாய். அந்த இடத்திலிருந்து நான் தொடங்குவேன். உன் கை இறுக்கம், என் கை தளர்வு. அதனால் நீ பின்னிய இடம் ஒடுங்கியும் நான் பின்னிய இடம் அகன்றும், விளிம்பு உள்ளே போய் வெளியே வரும். முதல் விரிப்பைப் பார்த்து அம்மா கேட்டது இன்னும் காதில் கிடக்கிறது.

"என்ன புள்ளையள் இது, சாரப்பாம்பு எலி முழுங்கின மாதிரி?"

ஆனாலும் அதைத்தான் விரித்தா. பிராந்தி சேர்க்காமல் எனக்கென்று தனியாகச் சுட்ட கேக்கை, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டி, அதன் மேல்தான் வைத்தா.

போன வருசம் நாம் செய்த கூத்தை யாரிடம் சொல்ல? விளிம்பை நேராக்க வேண்டுமென்று உனக்குச் சொல்லாமல் நான் கையை இறுக்கினேன். எனக்குச் சொல்லாமல் நீ கையைத் தளர்த்தினாய். விரித்துப் பார்த்தால் மறுபடியும் அதே பாம்பு! ஒடுங்கும் இடமும் அகலும் இடமும் மட்டும் மாறியிருந்தன. முறை மாறும் நேரத்தில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், விழுந்த தகடுகளைப் பார்க்க ஆளில்லாமல் போஸ்ட்மாஸ்டரே ஓடி வந்தார். "இனி அவரவர் கை அவரவருக்கு" என்று அன்றைக்கே தீர்மானித்தோம்.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

இந்த வருசத்து விரிப்பில் உன் வரிசைகள் வழக்கம்போல இறுக்கமாகத்தான் தொடங்கின. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்திய கிழமை பின்னிய இடம் என் பின்னலைப் போலவே அகன்று கிடந்தது. நான் பகிடிக்கு ஒரு துண்டு எழுதினேன்: "தீர்மானத்தை மறந்துட்டியா? என்ட கை உனக்கு வந்துட்டு." நீ பதில் எழுதி வைத்திருந்தாய்: "ஓம் மச்சி, உன்ட கைதான்." அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன்.

செங்கண்மாரி உன் ஈரலை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது, மச்சி. நூலை இழுத்துப் பிடிக்க உன் விரலில் பலம் இல்லை. டாக்டருக்குத் தெரிய முதல், அம்மாவுக்குத் தெரிய முதல் அது நூலில் தெரிந்துவிட்டது. உன் இறுக்கம் எவ்வளவு என்று உலகத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் அதைப் பகிடியாக எடுத்தேன். கால் மணி நேரம் உன் முகத்தைப் பார்த்துக் கதைத்தபோதுகூட எனக்கு ஏன் உறைக்கவில்லை?

நீ ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமை தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் குழப்பம், பஸ் இல்லை. நான் கல்முனைக்குடியில் கூடப்பிறந்த ராத்தா வீட்டில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். பகல் பதினொரு மணியிருக்கும், மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலிருந்து ட்ரங்க் கோல். உங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முனைக் கடையின் நம்பரைக் கேட்டது உன் அண்ணன். இணைப்பைக் கொடுத்தவள் நான். கொடுத்ததும் காதை எடுத்துவிட வேண்டும், அதுதான் சட்டம். நான் எடுக்கவில்லை.

"தங்கச்சி போயிற்றா. அம்மாட்ட மெல்லமாச் சொல்லுங்க," என்று கடைக்காரரிடம் சொன்னார்.

மூன்று நிமிடம் முடிந்ததும் நேரம் ஆகிவிட்டதென்று சொல்ல வேண்டியதும் என் வேலைதான். சொல்லவில்லை. உன் அண்ணன் அழுது முடியும்வரை கயிற்றைக் கழற்றாமல் இருந்தேன். உனக்காக நான் செய்தது அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு வரவில்லை. "இப்ப போற நேரமா இது?" என்று ராத்தாவின் புருசன் தடுத்தார், உண்மைதான், அன்றைக்குப் பாதை இல்லை. ஆனால் குழப்பம் அடங்கிய பிறகு? பஸ் ஓடத் தொடங்கிய பிறகு? மருதமுனையிலிருந்து வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளும் பஸ் உங்கள் ஒழுங்கையைத் தாண்டித்தான் போகிறது. அந்த இடம் வந்ததும் தலையைத் திருப்பிக்கொள்வேன். பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான், ஆனால் பாதைக்கு இல்லை. அம்மாவின் முகத்துக்கு. எங்கள் ஆட்கள் மேல் அவவுக்குக் கோபம் இருக்குமோ? என் மேல் இருக்குமோ? எது என்றாலும் அதைத் தாங்க எனக்குத் துணிவு இல்லை.

விரிப்பு லாச்சியிலேயே கிடந்தது. உன் கடைசிக் கண்ணில் நீ குத்திய ஊக்கு அப்படியே இருந்தது. அந்த ஒரு கண் தவறினால் நீ பின்னியதெல்லாம் வரிசை வரிசையாக அவிழ்ந்துவிடும். அதனால் தொடவே பயந்தேன். மூன்று மாதம் போய்விட்டது.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒரு தகடு விழுந்தது. உங்கள் ஒழுங்கை முனைக் கடை. வழக்கம்போலக் கேட்டேன்:

"நம்பர்?"

"நம்பர் வேணாம் மகள். உன்னோடதான் கதைக்கணும்."

உன் அம்மா!

"ஹாஜறாதானே? நத்தார் வருது. மேசையில வெடிப்புத் தெரியுது புள்ள. நீ ஏன் இன்னும் வரல்ல?"

"அம்மா... விரிப்பு முடியல்லம்மா. அவ விட்ட இடத்திலயே கிடக்கு." அதோடு நிற்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன் கை தளர்ந்ததை, நான் பகிடி பண்ணியதை, அடக்கத்துக்கு வராததை. அந்தப் பக்கம் கடைக்காரரின் தராசுச் சங்கிலி ஆடும் சத்தம் கேட்டது.

"நான் அவளோட ஒரே வீட்டில இருந்தவள்," என்றா அம்மா. "எனக்கும் தெரியல்லயே மகள்." பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "முடிச்சுக்கொண்டு வா. கேக்குக்குச் சிவப்பு நூல் எடுத்து வெச்சிட்டன்," என்றா.

அன்றைக்கே ஊக்கைக் கழற்றினேன். நீ விட்டுப்போன அந்தப் பின்னல் கண்ணுக்குள் என் ஊசியை விட்டேன். இறுக்கிப் பின்னவா, உன்னைப் போல? வேண்டாம், அவரவர் கை அவரவருக்கு. என் கையாலேயே பின்னினேன். கிட்டத்தட்ட ஒரு முழம் போனதும் மேசையில் விரித்துப் பார்த்தேன்.

நம் கைகள் கடைசியாகச் சேர்ந்த அந்த இடத்தில் விளிம்பு நேராக இருந்தது, மச்சி. நீ முடித்த இடமும் நான் தொடங்கிய இடமும் எதுவென்று எனக்கே தெரியவில்லை. ஏழு வருசமாக நாம் எவ்வளவு பாடுபட்டும் வராத நேர் விளிம்பு. இப்படி ஒரு விலைக்கு எனக்கு அது வேண்டாம் என்று வாய்விட்டு அழுதேன். போர்டில் தகடு விழுந்தது, முகத்தைத் துடைத்துவிட்டு "நம்பர்?" என்று கேட்டேன்.

இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. நத்தாரன்று காலையில் உங்கள் ஒழுங்கையில் பஸ்ஸை நிறுத்தி இறங்குவேன், தலையைத் திருப்ப மாட்டேன். அம்மாவும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்து அந்த வெடிப்பின் மேல் விரிப்போம். அடுத்த வருசமும் வருவேன், அதற்கடுத்த வருசமும் வருவேன். ஆனால் இந்த விரிப்பு மட்டும் கோயிலுக்குப் போகாது என்று அம்மாவிடம் வாக்குக் கேட்டு வாங்கிக்கொள்வேன். நம் இருவரையும் பிரித்துச் சொல்ல முடியாத விரிப்பு இது ஒன்றுதான்.

கை தளர்ந்த உன் மச்சி,
ஹாஜறா