விண்டோஸ் ஏழில் திறக்காத புரோகிராம்

ஜூன் 9, 2024, ஞாயிறு. சித்தூர்

ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. என் தம்பி மகள் லீனா திருப்பதியிலிருந்து வந்திருந்தாள். மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலை, ஞானஸ்நானப் பதிவு எல்லாவற்றுக்கும் புதிய புரோகிராம் எழுதியிருக்கிறாள். இங்கே ஓடினால் பக்கத்து ஊர் நகரியின் சபையும் வாங்கும். வேலை போனபின் அவளுக்கு இதுதான் முதல் வாய்ப்பு.

அவள் லேப்டாப்பில் ஓடியது; சபைக் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை.

"லேப்டாப்பைத் தூக்கினு வாராவாரம் வருவியாம்மா?" என்றார் செக்ரட்டரி ஜெர்ரி. சிரிப்பு.

"இது டாட்நெட் எட்டுல எழுதினது அங்கிள், பழைய விண்டோஸ்ல ஓடாது. இந்தக் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் ஏழு கீது. பத்து போட்டா ஓடும். பெரியநைனா, நீங்க சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானே புத்தகம் பார்த்துக் கற்று எழுதிய புரோகிராம்தான் இத்தனை வருடம் ஓடுகிறது. அவளைப் புதிது எழுதச் சொல்லுமுன் கமிட்டியில் என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா?

"விண்டோஸை மாத்தினா என் புரோகிராம் ஓடாது. பழைய பதிவெல்லாம் போச்சு" என்றேன். அதோடு முடிந்தது.

ஜூன் 11

ஓடாதென்று எனக்கு எப்படித் தெரியும்? சோதித்தேனா?

ஜூன் 17

லீனாவின் அம்மா தபீதாள் போன் செய்தாள். "நகரிக்காரங்களும் வாணாம்னுட்டாங்க மாமா. அவ பெரியநைனா அசரியா ஐயாவே வாணாம்னு சொல்ட்டாராம்னு. துன்னாம அழுதுகினு கீறா."

என் கோபம் கமிட்டி மேல்தானே? அந்தப் பெண் என்ன செய்தாள் எனக்கு?

ஜூன் 19

மகனின் லேப்டாப்பில் விண்டோஸ் பத்து இருக்கிறது. என் புரோகிராமை அதில் போட்டுப் பார்த்தேன். திறந்தது. ஒரு பதிவும் போகவில்லை. ஓடாமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன் — சீ.

ஜூன் 20

லீனா போனை எடுக்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

கமிட்டியில் எழுந்து சொன்னேன். "அன்னிக்கு நான் சோதிக்காம சொன்னேன். விண்டோஸ் பத்துல ரெண்டு புரோகிராமும் ஓடும்."

"வயசாயிடுச்சு, மறதிதான். விடுங்கண்ணே" என்றார் ஜெர்ரி.

அப்படியே உட்கார்ந்திருக்கலாம். கௌரவமாக முடிந்திருக்கும்.

"வயசும் இல்ல, மறதியும் இல்ல. பொறாமை" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

சபைக் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் பத்து போட்டாயிற்று. இன்றைய ஓலையை லீனா அன்று விட்டுப்போன புரோகிராமில்தான் அச்சடித்தேன். பாஸ்டர் வாசித்தார். நாளைக் காலை நகரிக்குப் பஸ் ஏறுகிறேன், அவர்களிடமும் சொல்ல.

அவள் இன்னும் போனை எடுக்கவில்லை.